கட்டையைச் சுற்றிப் பத்தடி

ஸ்டானிஸ்லாஸ் வீட்டு வாதாம் மரம் போன டிசம்பர் புயலில் விழுந்தபோது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மரம் கேட்காமல் விழலாம், ஆனால் அதன் மிச்சத்தைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது ஸ்டானிஸ்லாஸுக்கு அப்போது தெரியாது. எங்கள் சந்தில் யாருக்குமே தெரியாது.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் கடைசி வீடு அவருடையது. வீட்டுக்கு முன்னால் ஏழடி அகலம், இருபதடி நீளம். நாங்கள் அதை வாசல் என்போம். பிற்பாடு வந்தவர்கள் அதை வளாகம் என்றார்கள். மரம் வெட்டும் ஆட்கள் தண்டையும் கிளையையும் அறுத்து எடுத்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டையை வீட்டுப்படிக்கு நேர் எதிரே விட்டுப்போனார்கள். இந்தப் பக்கம் குளியலறைச் சுவர், அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், நடுவில் கட்டை. இரண்டு பக்கமும் ஒன்றரை அடி இடம் மிச்சம். ஆள் ஒருக்களித்துப் போகலாம்.

பிப்ரவரியில் அவர் மனைவி பிலோமி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். "ஆறேழு மாசம் சக்கர நாற்காலிதான். யாரும் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது" என்றார் டாக்டர். சக்கர நாற்காலியின் அகலம் இரண்டேகால் அடி. ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து பிலோமி வீட்டுக்கு வரவில்லை. அத்திப்பட்டில் மகள் ஷைனியின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். தன் வாழ்க்கையில் ஒரு ஞாயிறுகூட ராயபுரத்துக்கு வெளியே பூசை பார்க்காதவள், அங்கே கரித்தூள் படிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் புருஷனுக்குப் போன் போடுவாள்.

"இன்னாங்க, கட்டை போச்சா?"

"போய்டும் பிலோமி."

"அத்தத்தான் நேத்தும் சொன்னீங்க."

பக்கத்து வீட்டு தாவூது மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய கப்பல் கயிறும் சங்கிலியும் விற்பவர். மூழ்கிய விசைப்படகையே இழுத்துக் கரை சேர்த்த சங்கிலி அவர் கடையில் கிடக்கிறது. கட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஸ்டானியண்ணே, இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு? செயின் பிளாக் போட்டு நாலு பேரு இஸ்தா, நாஸ்டா துன்ற நேரத்துக்குள்ள பேந்துக்கினு வந்துடும்."

ஆனால் கட்டையில் ஒரு தகரம் அடித்திருந்தது. 'எண் வ-3/211. இந்த அடிக்கட்டை, அடிக்கட்டை அகற்றல் வாரியத்தின் பாதுகாப்பில் உள்ளது. தொடுவது குற்றம்.' எப்போது வந்து அடித்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. வாரியத்தில் சுறுசுறுப்பாக நடந்த ஒரே வேலை அதுதான் என்பது எங்களுக்குப் பிறகு புரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் தகரத்தைப் பிடுங்கிக் கூரை ஓட்டைக்கு வைத்திருப்பார்கள். ஸ்டானிஸ்லாஸ் அப்படிப்பட்டவர் இல்லை. துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கிரேனுக்குக் கை காட்டிய சிக்னல்மேன் அவர். மேலே கூண்டில் இருக்கிறவனுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது, இரைச்சலில் காதும் கேட்காது. கீழே நிற்கும் சிக்னல்மேன் விரலை உயர்த்திச் சுழற்றினால் சுமை ஏறும். கப்பல் கேப்டனே வந்து கத்தினாலும் ஏறாது. முப்பத்தெட்டு வருடத்தில் அவர் கையசைவில் ஒரு மூட்டைகூடக் கீழே விழுந்ததில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அதுவே அவருடைய கஷ்டமும்.

"சிக்னல் இல்லாம சுமையைத் தூக்கக்கூடாது பாய்" என்றார். "அவங்க கை காட்டட்டும்."

தாவூது தலையில் அடித்துக்கொண்டார். ஸ்டானிஸ்லாஸ் விண்ணப்பம் போடப் போனார்.

வாரியத்தின் அலுவலகம் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. கட்டடத்தின் வாசலுக்கு நேரே பெரிய புளிய மரக் கட்டை ஒன்று, சுற்றிலும் சிவப்பு நாடா. வாரியத்தின் சின்னமாக இருக்கும் என்று நினைத்து, ஸ்டானிஸ்லாஸ் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார். ஊழியர்களும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு போனார்கள். அது வாரியத்தின் முதல் கோப்பு என்றும், ஆறு வருடமாகத் தயார்நிலையில் இருக்கிறது என்றும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார்.

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். 'வளாகத் தயார்நிலைக் கையேடு', நூற்றுப்பன்னிரண்டு பக்கம். கட்டையை அகற்றுவது பற்றி அதில் ஒரு பக்கம் இருந்தது. மீதி நூற்றுப்பதினொன்றும் அகற்ற வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்பது பற்றி.

பத்து நாள் கழித்து வளாகத் தயார்நிலை ஆய்வாளர் கார்குழலி வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் டேப், தோளில் பை, முகத்தில் நிஜமான அக்கறை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த வாரியத்தில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை. எல்லோரும் நல்லவர்களாக இருந்ததால்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

"கட்டையைச் சுத்திப் பத்தடிக்கு எந்தப் பொருளும் இருக்கக்கூடாது சார்."

"வாசலே ஏழடிதாம்மா."

"அது நம்ம கையில இல்ல சார். பத்தடின்னு இருக்கு."

டேப்பை இழுத்தாள். துணி காயப்போடும் கம்பி பத்தடிக்குள் வந்தது. பிலோமியின் ரோஜாத் தொட்டிகள் வந்தன. தண்ணீர் டிரம், சைக்கிள், மாதா கெபி வந்தன. டேப் குளியலறைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. பிறகு வீட்டு நிலைக்கதவைத் தாண்டிக் கூடத்தில் இருந்த டிவி வரை போனது.

"வீடு?" என்றார் ஸ்டானிஸ்லாஸ், கொஞ்சம் பயந்து.

கார்குழலி கையேட்டைப் புரட்டினாள். "வீட்டை எடுக்கச் சொல்லல சார். 'நகர்த்தக்கூடிய பொருள்கள்'னுதான் போட்டிருக்கு. உங்க வீடு நகராதுன்னு ஒரு இன்ஜினியர்கிட்ட எழுதி வாங்கிட்டா போதும்."

ஸ்டானிஸ்லாஸ் மூன்று நாள் அலைந்து, ஓய்வுபெற்ற ஒரு துறைமுக இன்ஜினியரிடம் எழுதி வாங்கினார். 'மேற்படி வீட்டை நான் நேரில் பார்த்தேன். அரை மணி நேரம் கவனித்ததில் அது நகரவில்லை.' அதற்கு மேலும் ஒரு சிக்கல் வந்தது. பத்தடி வட்டம் அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டி தாவூது வீட்டுச் சமையலறைக்குள் பாதி தூரம் போயிருந்தது. வேலை நடக்கும் நாளில் அங்கே அடுப்பு எரியக்கூடாது என்று ஒரு படிவம் போயிற்று. தாவூதின் மனைவி ஷரீஃபுன்னிசா அதைக் கையில் வைத்துக்கொண்டு மதில் மேலாகக் கேட்டாள்.

"அண்ணே, கட்டை உங்க வூட்ல கீது. எங்க வூட்டு அடுப்ப இன்னாத்துக்கு அணைக்கச் சொல்றான்?"

"ஒரு நாளைக்குத்தான்மா."

"எந்த நாளுன்னு போடலையே. தேதி காலியா கீது. அதுவரைக்கும் புள்ளைங்க ஓட்டல்ல துன்னுமா?"

மாதா கெபிதான் பெரிய சிக்கலாகிவிட்டது. கண்ணாடிக் கூண்டும் நீலச் சேலையுமாகப் பிலோமி முப்பது வருடமாக மெழுகுவர்த்தி ஏற்றிய மாதா. கையேட்டில் இப்படி இருந்தது: 'வழிபாட்டு உருவங்களை, அவற்றில் உறைபவரின் சம்மதத்துடன், தற்காலிகமாக இடம் மாற்றலாம்.' யாருடைய சம்மதம் என்று கார்குழலிக்கே விளங்கவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். "மறுப்புத் தெரிவிக்கவில்லை என்றால் சம்மதமாகக் கொள்ளலாம்" என்று பதில் வந்தது. மாதா மறுப்புத் தெரிவிக்கவில்லை.

"நம்ம கடையில வெச்சிக்கிறேன்ணே" என்றார் தாவூது. "மர்யம் அம்மா எங்களுக்கும் வேண்டப்பட்டவங்கதான். ஒரு கலீஜும் அண்டாம பாத்துக்கறேன்." அப்படியாக மாதா நங்கூரச் சங்கிலிகளுக்கு நடுவே குடியேறினாள். கடலுக்குப் போகிற பையன்கள் கயிறு வாங்க வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வர ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் ஆறு மணி.

"இன்னாங்க, கட்டை போச்சா?"

"கட்டை கீது. மத்ததெல்லாம் போச்சு."

அடுத்தது மண். வாரியத்தின் வேர்ப் பிரிவு, மண் இளகுவதற்காகக் கட்டைக்குத் தினமும் மூன்று குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னது. இயந்திரப் பிரிவு, சக்கரம் புதையாமல் இருக்க மண் உலர்ந்திருக்க வேண்டும் என்றது. இரண்டு கடிதங்களும் ஒரே நாளில், ஒரே கவரில் வந்தன. ஸ்டானிஸ்லாஸ் விளக்கம் கேட்டு எழுதினார். இரண்டு பிரிவும் கலந்து பேசி, 'காலையில் நனைக்கவும், மாலையில் உலர்த்தவும்' என்று முடிவு சொன்னார்கள். அவர் காலையில் மூன்று குடம் ஊற்றினார். மாலையில் கோணிப்பையால் ஒற்றி எடுத்து, டேபிள் ஃபேனை வெளியே கொண்டுவந்து கட்டைப் பக்கம் திருப்பி வைத்தார். கரண்ட் போன நாட்களில் விசிறிக்கொண்டிருந்தார். சந்தில் போகிறவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அறுபத்தாறு வயது மனிதர் பெண்டாட்டியை வீட்டுக்கு வரவழைக்க ஒரு கட்டைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

மே மாதம் கட்டை துளிர்த்தது.

தினம் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கட்டையும் துளிர்க்கும். பட்டையோரத்தில் செம்பும் பச்சையுமாய் இரண்டு இலை. அதைப் பார்த்த கார்குழலியின் முகம் வெளிறிவிட்டது.

"சார், இதுக்கு இலை வந்திருச்சே. இது இனிமே கட்டை இல்ல. உயிருள்ள மரம். எங்க வாரியத்துக்குக் கீழ வராது."

"வேற எங்கம்மா வரும்?"

"மரப் பாதுகாப்புல வரும். அவங்க மரத்தை வெட்டி, கட்டையாக்கி, எங்களுக்கு அனுப்பணும்."

அன்று சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கட்டைக்கு எதிரே படியில் உட்கார்ந்து, கையிரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, துளிரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கிள்ளிப்போட அரை நிமிடம் ஆகாது. ஆனால் உயிருள்ள மரத்துக்குச் சேதம் விளைவிப்பது பற்றி கையேட்டில் தனி அத்தியாயமே இருந்தது, அவர் அதைப் படித்தும் விட்டார்.

அவரைக் காப்பாற்றியது தாவூது வீட்டு ஆடு. பக்ரீதுக்கு வாங்கிக் கட்டியிருந்தார்கள். வாரியத்தின் சொற்படி ஸ்டானிஸ்லாஸ் வாசல் கேட்டையும் கழற்றி வைத்திருந்தார். அந்தத் திறப்பு வழியாக ஒரு காலையில் ஆடு உள்ளே வந்து, இரண்டு இலையையும் குருத்தோடு தின்றுவிட்டு, கையேட்டில் பதினாறாம் பக்கத்தையும் ருசி பார்த்துவிட்டுப் போனது. இதற்காக வாரியம் இரண்டு கூட்டம் போட்டது. ஆடு சொந்தக்காரரின் தூண்டுதலின்றித் தின்றிருந்தால் அது இயற்கைச் செயல் என்று முடிவாகியது. ஆட்டைத் தான் தூண்டவில்லை என்று தாவூது எழுதிக் கொடுத்தார். கட்டை மறுபடியும் கட்டையாயிற்று.

"ஆட்டுக்கு இருக்கற மூளை ஆபீசருக்கு இல்லையேண்ணே" என்றார் தாவூது. "நியாயமாப் பாத்தா அத்த ஆபீசுல வேலைக்கு வெச்சிக்கணும்."

ஆட்டுக்கு அதற்குக் காலம் இருக்கவில்லை. பக்ரீது வந்து போனது.

ஜூனில் முன்சுவர் போயிற்று. இயந்திரத்தின் அகலம் ஆறடி, கேட் இருந்த இடம் மூன்றரை. சுவரை இடித்துக் கல்லைத் தெருவோரம் அடுக்கினார் ஸ்டானிஸ்லாஸ். மூன்று திசையிலும் எச்சரிக்கைப் பலகை தொங்கவிட்டார். நாலாவது திசையில் அவர் வீடு இருந்ததால், தனக்குத் தானே எச்சரிக்கை செய்யும் பலகை ஒன்றைக் கூடத்துக்குள் மாட்டினார்.

கையேட்டில் எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரே ஒரு விதி மட்டும் அவருக்குச் சந்தோஷம் தந்தது. 'இயந்திரத்துக்குக் கை காட்ட, தகுதியுள்ள ஒருவரை வசிப்பவரே ஏற்பாடு செய்ய வேண்டும். இயந்திர ஓட்டுநர் அவருடைய சைகைக்கு மட்டுமே கட்டுப்பட வேண்டும்.' நூற்றுப்பன்னிரண்டு பக்கத்தில் வேலை தெரிந்த ஒருவன் எழுதிய பக்கம் அது ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. தன் பெயரையே எழுதி, துறைமுகச் சான்றிதழை இணைத்து அனுப்பினார். முதல் முறையாக வாரியம் ஒரு காகிதத்தை ஆட்சேபம் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கத்தை அங்கே யாரும் படித்ததில்லை.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. 'வ-3/211 தொடர்பாக வரும் வியாழன் காலை பத்து மணிக்கு இயந்திரம் தங்கள் வளாகத்துக்கு வருகை தரும்.'

அன்று ஆறு மணிக்குப் பிலோமி கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "வியாயக்கெயம போய்டும் பிலோமி. நெசமா. லெட்டர் வந்துகீது."

"அப்போ நான் அன்னிக்கே வந்துடறேன்" என்றாள் பிலோமி.

வியாழக்கிழமை சந்து முழுக்கக் கூடிவிட்டோம். ஸ்டானிஸ்லாஸ் பழைய மஞ்சள் ஹெல்மெட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டு, கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். ஷரீஃபுன்னிசா அடுப்பை அணைத்துவிட்டு, படிவத்தில் தேதியைத் தானே நிரப்பிக்கொண்டாள். பத்து மணி இயந்திரம் பதினொன்றரைக்கு வந்தது. குட்டி பொக்லைன் ஒன்று. ஓட்டி வந்தவன் பெயர் சாவியோ. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நாலு வருடம் வேலை பார்த்தவன், வாரியத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இங்க சிக்னல் யாரு?"

ஸ்டானிஸ்லாஸ் கை தூக்கினார். சாவியோ அவருடைய கையுறையைப் பார்த்தான், நிற்கிற தோரணையைப் பார்த்தான், "சரிங்க சார்" என்றான். ஐந்து மாதத்தில் அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து, தாவூது கொண்டுவந்த சங்கிலியைக் கட்டையின் வேரோடு சேர்த்துப் பிணைத்து, பொக்லைன் கொக்கியில் மாட்டினார்கள்.

பிறகு துணை வட்டார அடிக்கட்டை அலுவலர் ராசையா வந்தார். அவருக்கு முன்னால் ஒரு மைக் வந்தது. கார்குழலி பின்னால் கையேட்டோடு வந்தாள். ராசையா நல்ல உயரம், நல்ல குரல்.

"பெரியோர்களே! நமது வாரியம் தோன்றி ஆறு ஆண்டுகள் நிறைவடைகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் நமது பணியின்போது ஒரே ஒரு விபத்துகூட நடந்ததில்லை. ஒரு சுவர் விரிசல் விட்டதில்லை. ஒரு குழாய் உடைந்ததில்லை. காரணம் என்ன? தயாரிப்பு! சிலர் கேட்கிறார்கள், எத்தனை கட்டைகளை அகற்றினீர்கள் என்று. அது அவசரக்காரர்களின் கேள்வி. கட்டையை யார் வேண்டுமானாலும் அகற்றலாம். ஆனால் ஒரு வளாகத்தை இவ்வளவு சிறப்பாகத் தயார் செய்ய நம்மால் மட்டுமே முடியும். இந்த வளாகத்தைப் பாருங்கள்! சுவர் இல்லை, கதவு இல்லை, செடி இல்லை, கொடி இல்லை. கட்டை ஒன்றுதான் எஞ்சி நிற்கிறது, கம்பீரமாக! எனக்குக் கண் கலங்குகிறது."

உண்மையிலேயே கலங்கியது. நாங்கள் கை தட்டினோம். சீக்கிரம் முடியட்டும் என்று.

"ஆகவே, இன்றைய தயார்நிலை ஒத்திகையைத் தொடங்கிவைப்பதில் மகிழ்ச்சியடைகிறேன்."

ஸ்டானிஸ்லாஸ் கார்குழலியைப் பார்த்தார். "ஒத்திகைன்னா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மெஷின் வரும் சார். ஸ்டார்ட் பண்ணுவாங்க. போட்டோ எடுப்பாங்க. ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவாங்க. இதுல குறை ஏதும் இல்லன்னா, அடுத்த கட்டத்துக்கு எழுதுவோம். ஒரு நாலு மாசத்துல..."

அந்த நேரத்தில்தான் சந்து முனையில் ஆட்டோ வந்து நின்றது. ஷைனி முதலில் இறங்கினாள், நாற்காலியை விரித்தாள். பிலோமி அதில் மெதுவாக உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ. சக்கரம் உருண்டு உருண்டு, இடித்த சுவர்வரை வந்து, வாரியத்தார் அங்கே கட்டியிருந்த சிவப்பு நாடாவுக்கு முன்னால் நின்றது. தன் வாசலைப் பார்த்தாள். ரோஜாத் தொட்டி இல்லை. மாதா இல்லை. சுவர் இல்லை. அவள் இல்லாதபோது வீட்டுக்குத் திருடன் வந்தால்கூட இவ்வளவு எடுத்திருக்க மாட்டான்.

"அம்மா, பத்தடிக்கு வெளியே நிக்கணும்" என்றார் ராசையா மைக்கில், மிகுந்த மரியாதையோடு. "தங்கள் பாதுகாப்புக்காகத்தான்."

"எம்மா நேரம்?" என்று கேட்டாள் பிலோமி.

அவள் புருஷனைப் பார்த்தாள். "இன்னாங்க. கட்டை போச்சா?"

ஆறு மாதமாகப் போனில் கேட்ட கேள்விதான். நேரில் கேட்டபோது ஸ்டானிஸ்லாஸால் "போய்டும்" என்று சொல்ல முடியவில்லை. வெயிலில் அவள் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டு வருடம் அடுத்தவன் சுமையை ஏற்றி இறக்கிய மனிதர், தன் சுமைக்கு யாரோ கை காட்டுவார்கள் என்று காத்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தார் என்று நினைக்கிறேன். எண்பத்தேழாம் பக்கத்தின்படி, இந்த வாசலில் கை காட்ட வேண்டியவர் அவர்தான். வேறு யாரும் இல்லை.

சாவியோ ஒத்திகைக்காக இன்ஜினைக் கிளப்பினான். சந்தே அதிர்ந்தது. மைக் செத்துப்போயிற்று.

ஸ்டானிஸ்லாஸ் எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு வந்து நின்றார். சங்கிலியை ஒருமுறை சரிபார்த்தார். ஆட்களின் கால்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார். விசிலை ஒரு தடவை ஊதினார். வலது கையை உயர்த்தி, ஆட்காட்டி விரலை வானத்துக்குக் காட்டி, மெதுவாகச் சுழற்றினார்.

சாவியோ தூக்கினான்.

சங்கிலி விறைத்தது. கட்டை ஒரு முனகல் விட்டது. ராசையா வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. கார்குழலி கையேட்டைப் பிரித்துக்கொண்டு அவரிடம் ஓடினாள். வேலையைத் தொடங்க யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதில் இருபத்திரண்டு பக்கம் இருந்தது. தொடங்கிவிட்ட வேலையை நிறுத்த யாருக்கு அதிகாரம் என்று எங்குமே இல்லை. அப்படியொரு நிலைமை வரும் என்று எழுதியவர்கள் நினைத்ததில்லை. பொருளடக்கத்தில் தேடினார்கள். பின்னிணைப்பில் தேடினார்கள். ஆடு தின்ற பதினாறாம் பக்கத்தில் இருந்திருக்குமோ என்று ராசையா கையால் சைகை செய்து கேட்டார். ஸ்டானிஸ்லாஸ் விரலை இடது பக்கம் காட்டினார், கட்டை இடது பக்கம் சாய்ந்தது. மறுபடி மேலே சுழற்றினார். பட் பட்டென்று வேர்கள் அறுந்தன. ஈர மண்ணை உதறிக்கொண்டு, வ-3/211 தன் தகரத்தோடு அந்தரத்தில் தொங்கியது. தெருவோரம் நோக்கிக் கை காட்டினார். கீழே இறக்கச் சொன்னார். உள்ளங்கையை விரித்தார்.

இன்ஜின் நின்றது. ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

"யாரைக் கேட்டுத் தூக்கினே?" என்று ராசையா சாவியோவிடம் கத்தினார். மைக் உயிர்பெற்றுவிட்டதால் சந்து முழுக்கக் கேட்டது.

"சிக்னலைக் கேட்டு, சார்."

"நிறுத்தியிருக்க வேண்டாமா?"

"நிறுத்துன்னு யாரு கை காட்டினாலும் நிறுத்திருப்பேன் சார். துறைமுகத்துல அது ரூல்" என்றான் சாவியோ. "நீங்க யாரும் கை காட்டலியே. எல்லாரும் புக்கு பாத்துக்கினு இருந்தீங்க."

தாவூது யாரையும் கேட்காமல் கடைக்குப் போய், படகில் ஏறப் போடும் நீளப் பலகை இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குழியின் மேல் பக்கம் பக்கமாகப் போட்டார். "வாங்க அண்ணி, கப்பல் ஏர்ற மாரி ஏறுங்க." ஷைனி நாற்காலியைத் தள்ள வந்தாள். ஸ்டானிஸ்லாஸ் அவளை விலக்கிவிட்டுத் தானே தள்ளினார். பலகை லேசாக முனகியது. பிலோமி படியருகே வந்ததும் நிலைக்கதவைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாங்கள் எல்லோரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கார்குழலி மட்டும் தெருவோரம் கிடந்த கட்டையின் அருகே குந்தியிருந்தாள். வேரில் ஒட்டிய மண்ணை விரலால் தட்டிவிட்டாள். "அஞ்சு வருஷமா இதுல வேலை செய்றேன்" என்றாள் என்னிடம் மெதுவாக. "எடுத்துப் பாத்தது இதுதான் முதல் தடவை. உள்ள இப்படியா இருக்கும்?"

ஒரு மாதம் கழித்து வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. ஏதாவது தண்டனையாக இருக்கும் என்று பயந்துகொண்டே ஸ்டானிஸ்லாஸ் பிரித்தார். பிலோமிக்காக உரக்கப் படித்தார்.

'தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் வளாகத்தை ஆய்வு செய்ததில் அங்கே அடிக்கட்டை எதுவும் காணப்படவில்லை. இல்லாத கட்டையை அகற்ற வாரியத்துக்கு அதிகாரம் இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. வருங்காலத்தில் கட்டை இல்லாமல் விண்ணப்பித்து வாரியத்தின் நேரத்தை வீணாக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

மாதா கெபிக்குத் திரும்பிவிட்டாள். தாவூது கடையில் பையன்கள் இன்னும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள், ஏன் என்று அவர்களுக்கே மறந்துவிட்டது. ரோஜாத் தொட்டிகள் பழைய இடத்தில் வரிசையாக இருக்கின்றன. பிலோமி இப்போது குச்சி ஊன்றி வாசல்வரை நடக்கிறாள். ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் பழக்கதோஷம், போனை எடுத்து, கூடத்தில் இருந்தபடியே வாசலில் இருக்கிற புருஷனுக்குப் போடுகிறாள்.

"இன்னாங்க, கட்டை போச்சா?"

ஸ்டானிஸ்லாஸ் வாசலில் நின்றபடி ஒரு நாளும் சலிக்காமல் போனை எடுத்துப் பதில் சொல்கிறார்.

"போச்சு பிலோமி. நீ வா."